சுவர் பூத்திருக்கு

வாங்க, வாங்க. செருப்பை அங்கயே விட்டுடுங்க, யாரும் எடுக்க மாட்டாங்க. டு-லெட் போர்டைப் பார்த்துட்டுத்தானே வந்தீங்க? நான் மேலேருந்து பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். எதிர் வீட்டு ஜோதிமணிகிட்ட நின்னு பேசிக்கிட்டிருந்தீங்க. என்ன சொன்னா? ஒண்ணும் சொல்லலியா? நீங்க சொல்ற விதத்துலயே தெரியுது, ஏதோ சொல்லியிருக்கா. அவ வாய்க்குப் பூட்டு போட அந்த ஆண்டவனாலயும் முடியாது. நாளைக்கு நீங்க வந்து, ஏம்மா மறைச்சீங்கன்னு கேட்கக் கூடாது பாருங்க. நானே சொல்லிடறேன், நடந்தது நடந்தபடி. மறைச்சுப் பேசற பழக்கம் எனக்கு என்னிக்கும் கிடையாது.

குழந்தை தூங்குதா? தோள்லயே எத்தனை நேரம் வெச்சிருப்பீங்க, கீழ போடுங்க, தரையைக் காலையிலதான் துடைச்சேன். வேணாமா? சரி, உங்க இஷ்டம். பொண்ணா? பொண்ணு கொழுகொழுன்னு இருக்கா. என் கண்ணே பட்டுடும், சாயங்காலம் சுத்திப் போட்டுடுங்க.

இதுதான் ஹால். நல்ல வெளிச்சம். அந்தப் பக்கம் சமையல்கட்டு, மேடையில கறுப்புக் கல்லு போட்டிருக்கு, எண்ணெய் சிந்தினாலும் ஒரே துடை, போயிடும். தண்ணிக்குக் கஷ்டமே இல்ல, போர் தண்ணி, கார்ப்பரேஷன் தண்ணி ரெண்டும் உண்டு. தண்ணி விஷயத்துல மட்டும் இந்த வீட்டைக் குறை சொல்லவே முடியாது.

பெட்ரூமைக் காட்டறேன், இருங்க. அதுக்கு முன்னாடி அந்தக் கதையைச் சொல்லிடறேன். ரூமைப் பார்த்துட்டுக் கேட்டீங்கன்னா வேற மாதிரி தோணும்.

உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க கடலூர்ப் பக்கம். அவன் பேரு குணாளன், ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டறவன். அவ வசுமதி. மகிழினின்னு ஒரே பொண்ணு, நாலு வயசு. வாயாடி. நான் யாருன்னு கேட்டதுக்கு அவங்கம்மா "ஹவுஸ் ஓனர்"னு சொல்லியிருக்கா, அதுதான் என் பேருன்னு நினைச்சுக்கிச்சு. "அவுசோனரே, சாக்லேட் இருக்கா? அவுசோனரே, உன் பல்லு ஏன் மஞ்சளா இருக்கு?" தெருவே சிரிக்கும். கனகவல்லின்னு எனக்கு ஒரு பேரு இருக்கறதே எனக்கு மறந்து போச்சு. என் பையன் வெளிநாட்டுல இருக்கான், ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன்ல முகத்தைக் காட்டுவான். நாள் முழுக்க என்னைக் கூப்பிட்ட ஒரே குரல் அதுதான். என்னைப் பார்த்தா ஓடிப் போய் பெட்ரூம்ல ஒளிஞ்சுக்கும். முதுகை வெச்சுக் கதவை டம்னு சாத்திட்டு உள்ளேருந்து கத்தும், "அவுசோனரே, எங்க இருக்கேன் சொல்லு!" நான் சமையல்கட்டு, சோபா அடி எல்லாம் தேடற மாதிரி தேடிட்டுத்தான் கதவைத் தட்டணும். நேரா போய்த் தட்டினா கோவம் வந்துடும். நான் அப்படிப் பழகின குழந்தைம்மா அது. ஜோதிமணி இதைச் சொல்லியிருக்க மாட்டா.

அவங்க வந்தது சித்திரையில. வெயில் காலம், வீடு கண்ணாடி மாதிரி இருந்துச்சு. ஐப்பசி மழை பிடிச்சதும்தான் ஆரம்பிச்சா வசுமதி. "ஆண்ட்டி, பெட்ரூம் சுவர்ல ஈரம் இறங்குது." மழைன்னா சுவர் குளிர்ந்துதாம்மா இருக்கும்னேன். அப்புறம் வந்து, "ஆண்ட்டி, கட்டில் பின்னாடி கறுப்புக் கறுப்பா பூஞ்சை பிடிக்குது"ன்னா. வெள்ளிக்கிழமை அதுவுமா பூஞ்சை, பூசணம்னு வாயில வரலாமா? "சுவர் பூத்திருக்குன்னு சொல்லு வசு. பழைய சுவர் மழைக்குப் பூக்கும், வெயிலுக்கு உதிரும்"னேன். குழந்தை அதையே பிடிச்சுக்கிச்சு. வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும், "எங்க வீட்டுச் சுவர்ல கறுப்புப் பூ பூத்திருக்கு, வாங்க காட்டறேன்"னு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போகும். எனக்கு எவ்வளவு சங்கடம் பாருங்க. ஒரு வீட்டுக்குப் பேரு கெடறதுக்கு இதைவிட என்ன வேணும்?

அவ என்ன சொன்னா தெரியுமா? மேல என் பாத்ரூம் ஒழுகுதாம். அந்தத் தண்ணிதான் சுவருக்குள்ள இறங்குதாம். ஒரு கொத்தனாரை வேற கூட்டிட்டு வந்து நிறுத்தினா. அவனும் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துட்டு, "மேல தரையைப் பேர்த்துப் பைப்பைப் பார்க்கணும்மா, அதைப் பண்ணாம இங்க என்ன பூசினாலும் நிக்காது"ன்னான். உடைச்சாத்தானே அவனுக்கு வேலை, பின்ன என்ன சொல்லுவான்?

அந்த பாத்ரூம் எங்க வீட்டுக்காரர் கட்டினதும்மா. அதைச் சொன்னா உங்களுக்குப் புரியும். அவருக்கு முழங்கால் முடியாமப் போனப்போ, கீழ இறங்காம இருக்கணும்னு மேலயே கட்டினார். டைல்ஸ் கடைக்கு ஆட்டோவுல போய், தடியை ஊனிக்கிட்டு, ஒவ்வொண்ணா எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்து வாங்கினார். நீல டைல்ஸ், ஓரத்துல சின்னச் சின்ன மீன். "கனகு, குளிக்கிறப்போ கடல்ல நிக்கிற மாதிரி இருக்கும் பாரு"ன்னார். கட்டி முடிச்சு ஒரு மழைக்காலம் கூட அவர் அதுல குளிக்கல. அந்தத் தரையில அவர் கால் பட்டிருக்கு. அதைக் கடப்பாரையால பேர்க்கணுமாம், கீழ ஒரு சுவர் பூத்திருக்குன்னு. முடியாதுன்னுட்டேன். நீ சேலையை உள்ள காயப் போடறே, குக்கரை மணிக்கணக்கா விசிலடிக்க விடறே, அந்த ஈரம்தான் சுவர்ல ஏறுதுன்னு சொல்லி அனுப்பிட்டேன். எனக்கு வேற வழி தெரியல.

அதுக்காக நான் சும்மா இருந்தேன்னு நினைக்காதீங்க. நானே இறங்கி வந்தேன். இந்த வயசுல, கொசுவத்தைச் சொருகிக்கிட்டு, இரும்பு பிரஷ் எடுத்து அந்தச் சுவரை வறட்டு வறட்டுன்னு சுரண்டினேன். கறுப்பெல்லாம் பொடியா கொட்டுச்சு. ரூம் முழுக்கப் பறந்துச்சு, மெத்தை மேல, தலையணை மேல, குழந்தையோட பொம்மை மேல. பறந்து வெளிய போகட்டும்னு ஃபேனை முழு ஸ்பீடுல போட்டேன். அன்னிக்கு என் பொறுப்புல இருந்த மகி பக்கத்துலயே நின்னு, "அவுசோனர் பூ பறிக்குது"ன்னு கைதட்டுச்சு. வசுமதி வேலைக்குப் போயிட்டு வந்து பார்த்தவ, தேங்க்ஸ் சொல்லுவான்னு பார்த்தா, முகம் வெளுத்துப் போய் நிக்கறா. "காஞ்சதைச் சுரண்டக் கூடாது ஆண்ட்டி, அது மூச்சுல ஏறும்"ங்கறா. குழந்தைய அப்படியே வாரித் தூக்கிட்டுப் போய் தலைக்குத் தண்ணி ஊத்தறா, நான் என்னமோ சாவு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்த மாதிரி.

சுரண்டின இடத்துல வெள்ளை அடிச்சேன். பால் மாதிரி ஆயிடுச்சு. தீபாவளிக்கு மறு வாரமே மறுபடி பூத்துடுச்சு, வெள்ளைக்கு மேலயே. அதுக்கு நான் என்ன பண்ண?

இருமலா? இருமல் அதுக்கு முன்னாடியே இருந்துச்சு. மழைன்னா எந்தக் குழந்தை இருமாது? என் பையன் இருமாத இருமலா? ஆனா இது வேற மாதிரின்னு அவ சொல்லுவா. குழந்தைக்கு மார்ல விசில் சத்தம் கேட்குமாம். மூச்சு இழுக்கும்போது விலாவுக்கு நடுவுல குழி விழுமாம். வாரத்துக்கு ஒரு தரம் ஆஸ்பத்திரிக்கு ஓடுவா, மூஞ்சில கப் மாதிரி ஒண்ணை வெச்சுப் புகையா மருந்து விடற மிஷின் இருக்குல்ல, அதை வெச்சுட்டுக் கூட்டிட்டு வருவா. டாக்டர் கேட்டாராம், வீட்டுல ஈரச் சுவர் இருக்கான்னு. டாக்டருக்கு எதுக்குங்க என் வீட்டுச் சுவரு? வீடு மாத்திட்டுப் போயிடறோம்னும் ஒரு தரம் சொன்னா. ஆனா மழையில, ஸ்கூல் நடுவுல, எங்க போவாங்க? தேடிக்கிட்டுத்தான் இருந்தாங்க.

ஒரு நாள் மெத்தையைத் தூக்கி வாசல்ல போட்டா. புது மெத்தை மாதிரி இருந்துச்சு, அடியில மட்டும் கொஞ்சம் கறுப்பு. ஜோதிமணி முதக்கொண்டு எட்டிப் பார்த்தாங்க, "என்ன வசு, மூட்டைப்பூச்சியா?"ன்னு. இவ வாய் கூசாம, "இல்லக்கா, பூஞ்சை"ங்கறா. தெருவுக்கே கேட்கற மாதிரி. எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல. மானமா வாழ்ந்த வீடும்மா இது.

அப்புறம் அவளே ஒரு முடிவுக்கு வந்தா. "ஞாயித்துக்கிழமை அவர் வீட்டுல இருப்பார், மகியை எங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிட்டு நாங்களே துடைக்கறோம் ஆண்ட்டி"ன்னா. போன்ல பார்த்துப் பார்த்து எல்லாம் வாங்கி வெச்சிருந்தா. மூக்குக்குக் கட்ட மாஸ்க், கைக்கு உறை, கண்ணுக்குக் கண்ணாடி. திருடப் போறவ மாதிரி. ஜன்னலெல்லாம் திறந்து வெக்கணுமாம், சோப்புத் தண்ணியில துணியை நனைச்சு ஒத்தி ஒத்தி எடுக்கணுமாம், துணியைக் கவர்ல போட்டுக் கட்டித் தூக்கி எறியணுமாம், சுவரு நல்லாக் காயணுமாம். சோப்புத் தண்ணி! பாத்திரம் கழுவற சோப்புல போற அழுக்கா அது? எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. ஜன்னலைத் திறந்து வெச்சு, மூஞ்சியை மூடிக்கிட்டு இவங்க ரெண்டு பேரும் நின்னா, தெருவுல என்ன பேசுவாங்க? இந்த வீட்டுல ஏதோ தொத்து நோய்னு பேச மாட்டாங்க?

அதனாலதான் நான் வெள்ளிக்கிழமையே பண்ணேன். நல்லதுக்குத்தான். வேற என்ன காரணம் இருக்க முடியும்?

அன்னிக்குக் காலையில அவ குழந்தையைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா. என்கிட்ட ஒரு சாவி இருக்கும், எந்த ஹவுஸ் ஓனர்கிட்டயும் இருக்கும். வெள்ளத்தப்போ கார்ப்பரேஷன்ல குடுத்த பிளீச்சிங் பவுடர் மேல மூட்டையா கிடந்துச்சு. தெருவுல பினாயில், ஆசிட்டுன்னு கூவிட்டு வர்றானே சைக்கிள்காரன், அவன்கிட்ட வாங்கின ஆசிட்டும் ஒரு பாட்டில் இருந்துச்சு. ஒண்ணு கிருமியைக் கொல்லும், ஒண்ணு கறையை எடுக்கும். ரெண்டும் சேர்ந்தா நின்னு பேசும்ல? சுவர் அடியில, கட்டிலுக்குப் பின்னாடி பவுடரை நல்லாக் கொட்டி, சுவர்லயும் அப்பி, மேலேருந்து ஆசிட்டை ஊத்தினேன். புஸ்ஸுன்னு பொங்குச்சு பாருங்க! மஞ்சளா ஒரு ஆவி கிளம்புச்சு. எனக்கே கண்ணு எரிஞ்சு, தொண்டையைப் பிடிச்சு, இருமிக்கிட்டே வெளிய ஓடி வந்தேன். அப்பதான் மனசு நிறைஞ்சுது. மருந்துன்னா அதுதானே மருந்து, இந்தக் காரம் இருந்தாத்தானே கிருமி சாகும்னு நினைச்சேன்.

வீட்டுல சாம்பிராணி போட்டா என்ன பண்ணுவோம் நம்ம? கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திடுவோம். புகை வெளிய போயிட்டா பலன் போயிடும். சளி பிடிச்சா ஆவி பிடிக்கறோமே, போர்வையை நாலு பக்கமும் இறுக்கித்தானே பிடிக்கறோம்? அதே மாதிரிதான். முதல்லயே ஜன்னலைச் சாத்தி வெச்சிருந்தேன். வெளிய வந்து கதவை இழுத்துச் சாத்தி, அடியில இடுக்கு இருக்குன்னு ஒரு பழந்துணியை வேற சொருகினேன். நின்னு ஊறட்டும்னு. எங்கம்மா எனக்குச் சொல்லிக் குடுத்த முறை அதும்மா, நானா ஒண்ணும் கண்டுபிடிக்கல.

கதவைப் பத்தி ஜோதிமணி சொல்லியிருப்பா. ஆமா, அந்தக் கதவு மழையில உப்பும். மரம்னா உப்பாதா? வெளியேருந்து இடிச்சா உள்ள திறந்துக்கும், உள்ளேருந்து இழுக்கறதுதான் கஷ்டம். வசுமதியே ரெண்டு கையால இழுப்பா. ஆசாரியைக் கூப்பிட்டுச் சீவுங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. வெயில் வந்தா தானா சரியாயிடும்னு நான் விட்டுட்டேன். சீவின கதவு வெயில்ல ஆடும், அது உங்களுக்கே தெரியும்.

மத்தியானத்துக்கு முன்னாடி ஆட்டோ வந்து நின்னுச்சு. நான் கேட்டுக்கே போயிட்டேன், ஆசையா. மகி அம்மா தோள்லேருந்து நழுவி இறங்குச்சு, மருந்து போட்ட தெம்புல. என்னைப் பார்த்ததும் ஒரு சிரிப்பு, அந்த முன் பல்லைக் காட்டி. நேரா உள்ள ஓடிடுச்சு. எதுக்கு ஓடுதுன்னு எனக்குத் தெரியும், ஒளிஞ்சுக்கத்தான். வசுமதி பின்னாடியே போகப் பார்த்தா. நான்தான், "இரு வசு, உனக்கு ஒண்ணு சொல்லணும், கண்ணை மூடு"ன்னு கையைப் பிடிச்சு நிறுத்தினேன். உடனே சொல்லிட்டா என்ன ருசி இருக்கு? டாக்டர் என்ன சொன்னார், சாப்பிட்டியா, மீன் குழம்பு வெச்சிருக்கேன் கொண்டு வரவா, இப்படிப் பேசி இழுத்துட்டுத்தான் விஷயத்துக்கு வரணும்னு இருந்தேன். அவ வாசலையே பார்த்துக்கிட்டு, "சொல்லுங்க ஆண்ட்டி, சொல்லுங்க ஆண்ட்டி"ங்கறா.

உள்ளேருந்து குரல் வந்துச்சு. "அவுசோனரே!"

எனக்குச் சிரிப்பு. பாரு, கண்டுபிடிக்கச் சொல்லுதுன்னு வசுமதிகிட்ட சொன்னேன். மறுபடி, "அவுசோனரே!" வர்றேன்டி இரு, தேடிக்கிட்டிருக்கேன்னு இங்கேருந்தே கத்தினேன். அதுதானே விளையாட்டு. நேரா போய்த் தட்டினா கோவம் வந்துடுமே. அப்புறம் ஒரு தரம், "அவுசோனரே, கண்ணு எரியுது." கதவைத் தட்டற சத்தம் கேட்டுச்சு. சின்னக் கையால தட்டறது. அப்பவும் நான் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன், "வசு, உன் பெட்ரூமுக்கு நான் மருந்து போட்டுட்டேன், இனிமே பூவே பூக்காது"ன்னு.

அவ என் கையை உதறின உதறுல வளையல் உடைஞ்சுது. இங்க பாருங்க, தழும்பு.

அவ இடிச்சா. கதவு திறக்கல. குழந்தை உள்பக்கம் கதவு மேலயே சாஞ்சு உட்கார்ந்திருந்துச்சு போல. வேகமா இடிச்சா குழந்தை மேல இடிக்கும், இடிக்காட்டி திறக்காது. அவ கத்தின கத்தல் இருக்கே. ஜோதிமணி புருஷன் வந்து, ஆட்டோக்காரன் வந்து, மெதுவா நெட்டி நெட்டித் திறந்தாங்க. மஞ்சப் புகை முகத்துல அடிச்சுது. தூக்கிட்டு ஓடினாங்க. நானும் கூட ஏறப் போனேன், ஆட்டோவுல இடம் இல்லன்னுட்டாங்க.

பெரிய ஆஸ்பத்திரியில வெச்சுப் பார்த்தாங்க. பலிக்கலம்மா, அதுக்கு மேல கேட்காதீங்க. குழந்தை போயிடுச்சு.

டாக்டர் சொன்னாராம், பிளீச்சிங்கும் ஆசிட்டும் சேர்ந்தா விஷக் காத்து வருமாம், எப்பவும் சேர்க்கக் கூடாதாம். அப்படி விஷம்னா ரெண்டையும் ஏன் விக்கறாங்க? ரெண்டும் எல்லார் வீட்டு பாத்ரூம்லயும் இருக்கற சாமான்தானே. நானும்தான் அந்த ரூம்ல நின்னேன், எனக்கு ஒண்ணும் ஆகலியே? வெறும் இருமல்தான், ஒரு மாசத்துல சரியாயிடுச்சு. குழந்தைக்கு முன்னாடியே நெஞ்சு பலவீனம். அதைத்தான் போலீஸ்கிட்டயும் சொன்னேன். வந்தாங்க, எழுதினாங்க, சாக்குல ஆசிட் பாட்டிலை எடுத்துட்டுப் போனாங்க. குணாளன் யார் மேலயும் புகார் இல்லன்னுட்டான். என் மேல தப்பு இருந்தா ஒரு தகப்பன் அப்படிச் சொல்லுவானா? யோசிச்சுப் பாருங்க. ஜோதிமணி மட்டும், அவனுக்குப் பேசத் தெம்பு இல்ல, அதான்னு சொல்லிக்கிட்டுத் திரியறா.

என் ஆத்தாமை என்னன்னா, அந்தக் குழந்தையைக் கடைசியா என்னைப் பார்க்க விடல. கடலூருக்கே எடுத்துட்டுப் போயிட்டாங்க. அதுக்குன்னு ஒரு சிவப்பு கிளிப் வாங்கி வெச்சிருந்தேன், பூப் போட்டது, தலையில வெச்சு அனுப்பணும்னு. இன்னும் என் பீரோவுலதான் இருக்கு. ராத்திரி பகல்னு இல்லாம "அவுசோனரே"ன்னு கேட்குது காதுல. எனக்கு மட்டும் அழுகை வராதா? அழறதுக்குக் கூட ஒரு உரிமை வேணும்ங்கற மாதிரி எல்லாரும் பார்க்கறாங்க.

காரியமெல்லாம் முடிஞ்சு சாமான் எடுக்க வந்தாங்க. குணாளன் வண்டியில ஏத்திக்கிட்டிருந்தான். வசுமதி மட்டும் ஒரு பக்கெட்டை எடுத்துக்கிட்டு அந்த ரூமுக்குள்ள போனா. சாமான் இல்லாத ரூம். எனக்கு என்னவோ பண்ணப் போறாளோன்னு பயம், வாசல்ல போய் நின்னேன். ஜன்னல் ரெண்டையும் அகலத் திறந்தா. ஃபேன் சுவிட்சை அணைச்சா. மூக்குல மாஸ்க்கைக் கட்டிக்கிட்டா, கையுறை போட்டா. அந்த ஞாயித்துக்கிழமைக்கு வாங்கி வெச்சதெல்லாம்தான். சோப்புத் தண்ணியில துணியை நனைச்சுப் பிழிஞ்சு, மேலேருந்து கீழ, ஒத்தி ஒத்தி எடுக்கறா. ஒரு துணி கறுத்ததும் கவர்ல போட்டுக் கட்டறா, அடுத்த துணி. அழல.

"எதுக்கும்மா இது, காலி பண்ணப் போற வீட்டுக்கு?"ன்னு கேட்டேன். நியாயமான கேள்விதானே?

"வேற யாராவது குழந்தையோட வருவாங்க ஆண்ட்டி"ன்னா.

நான் நின்னுக்கிட்டே இருந்தேன். கொஞ்சம் கழிச்சு அவளே பையிலேருந்து இன்னொரு மாஸ்க்கை எடுத்து என்கிட்ட நீட்டினா. "நிக்கறதா இருந்தா இதைக் கட்டிக்குங்க. உங்களுக்கும் மூச்சுல ஏறும்." பாருங்க, என் மேல கோவம் இருந்தா குடுப்பாளா? அதை நான் எல்லார்கிட்டயும் சொல்றேன். ஜோதிமணி நம்ப மாட்டேங்கறா. மாஸ்க்கைக் கூட வெச்சிருக்கேன், வேணும்னா காட்டறேன்.

சுவரு சுத்தமாயிடுச்சு. சோப்புத் தண்ணியில போயிடுச்சு, அதை நான் இல்லன்னு சொல்லல. போகும்போது வாசல்ல நின்னு ஒண்ணே ஒண்ணு சொன்னா. "மேல பைப்பை மட்டும் பார்த்துடுங்க ஆண்ட்டி. அதைப் பார்க்காட்டி மறுபடி வந்துடும்." அவ்வளவுதான். திரும்பிப் பார்க்காமப் போயிட்டா. வீட்டுக்காரர் டைல்ஸைப் பத்தி அவளுக்கு நான் எத்தனை தரம் சொல்லியிருக்கேன். கடைசி வரைக்கும் புரிஞ்சுக்கவே இல்ல.

வாங்க, ரூமைப் பார்க்கலாம். வாங்கன்னா. பயப்பட என்ன இருக்கு? சாந்தி ஹோமம் பண்ணியாச்சு. கதவு புதுசு, தேக்கு மாதிரியே இருக்கும். போன ஆவணியிலதான் போட்டேன். உள்ள வாங்க, நல்லா உள்ள வாங்க. பாருங்க, எப்படிச் சாத்திக்குதுன்னு. சத்தமே இல்ல பாத்தீங்களா?

பெரிய ரூம். அந்தச் சுவர் ஓரமா கட்டில் போடலாம், அவங்களும் அங்கதான் போட்டிருந்தாங்க. மேல கொக்கி இருக்கு, தூளி கட்டிக்கலாம். வாசனையா? பெயின்ட் வாசனை. போன வாரம்தான் அடிச்சேன், நீங்க வர்றதுக்காகன்னே வெச்சுக்குங்களேன். ஜன்னலா? திறக்க வேணாம், மழை சாரல் அடிக்கும்.

எது? அந்த மூலையிலயா? அது நிழலும்மா. ஜன்னல் கம்பி நிழல். லைட்டைப் போடவா? போடறேன். போட்டாலும் தெரியுதா? இருங்க, கையை வெக்காதீங்க, பெயின்ட் ஒட்டிக்கும். ஈரமா? மழைன்னா சுவர் குளிர்ந்துதானேம்மா இருக்கும்.

அட, இதுக்குப் போய் முகம் வெளுக்குதே உங்களுக்கு. லேசா பூத்திருக்கு, அவ்வளவுதான். பழைய சுவர். மேல இன்னும் அரை மூட்டை பிளீச்சிங் கிடக்கு. ஆசிட்டுக்காரன் நாளைக்கு வருவான். நீங்க ஒண்ணும் தொட வேணாம், பால் காய்ச்சறதுக்கு முன்னாடி நானே ஒரு தரம் போட்டு விட்டுடறேன். இந்தத் தரம் யாரையும் உள்ள விட மாட்டேன், பூட்டிட்டே போடறேன், போதுமா?

குழந்தை முழிச்சுக்கிச்சா? ஏன் இருமுது? பெயின்ட் வாசனை, பழகிடும். எங்க கிளம்பிட்டீங்க? இருங்க, மொட்டை மாடியைக் காட்டறேன், துணி காயப் போட அவ்வளவு இடம் இருக்கு.

கதவா? இழுங்க. புதுக் கதவுதான், மழைக்கு லேசாப் பிடிக்கும். குழந்தையை என்கிட்ட குடுத்துட்டு ரெண்டு கையால இழுங்களேன். குடுங்க, நான் வெச்சுக்கறேன், எனக்குக் குழந்தைங்கன்னா உயிரு.